மின்ரம்பம் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வயர் வைத்த மின்ரம்பத்துக்குக் களைப்பு கிடையாது. பிளேடு மரத்துக்குள் சிக்கிக்கொண்டாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை முழு வலுவோடு சுற்றத்தான் பார்க்கும். 185 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றினால் அதன் பல் வினாடிக்கு சுமார் 53 மீட்டர் ஓடுகிறது. அதாவது மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், பெரும்பாலோர் செய்வது இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பது. கீழே வரும் அறிகுறிகளில் ஒன்றுக்குக்கூட அழுத்தம் மருந்தல்ல. சாதாரணப் பழுது காயமாக மாறுவதே பெரும்பாலும் அந்த அழுத்தத்தால்தான்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றே: பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிளக்கை ரம்பத்தின் பக்கத்திலேயே, கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று கறுப்பு வயர்கள் தொங்கும் பட்டறையில், சாண்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ரம்பத்தின் பிளேடில் கை வைப்பது எளிதில் நடக்கக்கூடிய தவறு. வயர் நுனியில் ஒரு சுற்று வண்ண டேப் ஒட்டி வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

பிளேடு போட்ட பிளவை இந்தக் கட்டுரை முழுக்க வெட்டுவாய் என்றே சொல்கிறோம்.

கை வட்ட ரம்பம் பின்னோக்கி உதைக்கிறது

வெட்டுவாய் நெருங்கி பிளேடைக் கவ்வும்போது, மரத்தை அறுக்க வேண்டிய வலு முழுவதும் ரம்பத்தின் மேல் திரும்புகிறது. ரம்பம் வெட்டுவாயிலிருந்து எழும்பி, பிடித்திருப்பவர் பக்கம் பாய்கிறது. இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். கையை எடுத்துத் தப்பிக்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். கவ்வாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

முதலில் பலகைக்குக் கொடுத்த தாங்கலைப் பாருங்கள். இரு முனைகளையும் இரண்டு ஸ்டூலில் வைத்துவிட்டு நடுவில் வெட்டினால், வெட்டு போகப்போகப் பலகை நடுவில் தொய்யும். கீழ்ப்பக்கம் விரிந்து மேல்பக்கம் நெருங்கும். பிளேடு இடுக்கியில் மாட்டியதுபோல ஆகிவிடும். நமக்கு வேண்டிய பக்கத்தை வெட்டுக்கோட்டின் அருகிலேயே தாங்கி, கிளாம்ப் போடுங்கள். கழிக்கிற துண்டு சிறிதானால் தானாகக் கீழே சரிந்து விலகட்டும். முழு பிளைவுட் ஷீட்டை அப்படித் தொங்க விட முடியாது. தரையில் நான்கு ரீப்பர்களை வெட்டுக்கோட்டுக்கு இணையாகப் போடுங்கள். இரண்டு, கோட்டின் இருபுறமும் ஒரு கைப்பிடி தூரத்தில். மற்ற இரண்டு, ஓரங்களில். வெட்டி முடிந்ததும் இரு பாதியும் இருந்த இடத்திலேயே படுத்திருக்கும். 50 மி.மீ. கனமுள்ள கெட்டி ஃபோம் பலகையை அடியில் விரித்து அதன்மேல் வைத்து வெட்டுவது இன்னும் சுலபம்.

அடுத்தது ஆழம். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு பிளேடு 22 மி.மீ. இறங்கினால் போதும். அதாவது மரத்துக்குக் கீழே ஒரு பல்லின் உயரம்கூடத் தெரியக் கூடாது. ஆழத்தை மாற்றச் சோம்பல்பட்டு முழு ஆழத்திலேயே விட்டுவைத்தால், மரத்துக்குள் உரசும் பிளேடின் பரப்பு கூடும். கவ்வவும் இடம் கூடும். பலகைக்கு அடியில் விரல் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இவை இரண்டும் சரியாக இருந்தும் உதைக்கிறதா? வெட்டு கோட்டை விட்டு விலகும்போது கையால் முறுக்கித் திருப்பப் பார்த்திருப்பீர்கள். வட்ட பிளேடு வளையாது. விலகிவிட்டால் சுவிட்சை விட்டு, பிளேடு நின்றபின் ரம்பத்தைத் தூக்கி, சற்றுப் பின்னாலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். நீளமான வெட்டுக்கு நேரான ஒரு சட்டத்தை கிளாம்ப் போட்டு, ரம்பத்தின் அடித்தட்டை அதில் ஒட்டி ஓட்டினால் விலகும் பிரச்சினையே இல்லை.

பாதியில் நின்ற வெட்டைத் தொடரும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பல் மரத்தில் பதிந்த நிலையில் டிரிக்கரை அழுத்தினால் ரம்பம் அப்படியே மேலே ஏறும். பிளேடை வெட்டுவாயின் நடுவில் வைத்து, ஓரங்குலம் பின்னால் இழுத்து, எந்தப் பல்லும் மரத்தைத் தொடவில்லை என்று பார்த்துவிட்டு ஓடவிடுங்கள். முழு வேகம் வந்தபின் முன்னே தள்ளுங்கள். ஓடும் பிளேடோடு ரம்பத்தைப் பின்னுக்கு இழுப்பதும் இதே உதையைத்தான் கொண்டுவரும்.

உடம்பு பிளேடின் நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. ஒரு தோள் அகலமாவது விலகி நில்லுங்கள்.

டேபிள் சாவில் பலகை ஆளை நோக்கிப் பாய்கிறது

இங்கே பிளேடு மேசையிலிருந்து நீட்டி நிற்கும். ரம்பம் அசையாது, மரம்தான் பறக்கும். பிளேடின் முன்பற்கள் மேலிருந்து கீழாக இறங்கிப் பலகையை மேசையோடு அமுக்குகின்றன. பின்பற்களோ கீழிருந்து மேலே எழும்புகின்றன. வெட்டிய பலகை கொஞ்சம் திரும்பி அந்தப் பின்பற்களில் பட்டால் போதும். தூக்கி, பிளேடின் உச்சி வழியாக ஆளை நோக்கி எறிந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்ற தகடு நிற்கிறது. அது கழற்றி அலமாரியில் கிடந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். இருந்தும் பலகை பாய்ந்தால் தகட்டின் கனத்தை அளந்து பாருங்கள். பிளேடின் உடலைவிடத் தடிப்பாக, பல் போடும் வெட்டுவாயைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். உடல் 1.8, வெட்டுவாய் 2.6 மி.மீ. என்றால் 2.2 மி.மீ. தகடு பொருத்தம். மெல்லிய பிளேடு வாங்கி மாட்டிவிட்டுத் தகட்டை மறந்தால் பலகை தகட்டில் முட்டி நிற்கும். உடனே அழுத்தித் தள்ளத் தோன்றும். தள்ளாதீர்கள், பிளேடை மாற்றுங்கள். தகட்டுக்கும் பல்லுக்கும் இடையே 3 முதல் 8 மி.மீ. வரைதான் இடைவெளி இருக்கலாம்.

அடுத்து ஃபென்ஸ், அதாவது பலகையை ஒட்டி ஓட்டும் பக்கச் சட்டம். அது பின்பக்கம் பிளேடை நோக்கி ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் பலகையைப் பின்பற்களில் கொண்டுபோய் நெருக்கும். சரிபார்ப்பது இப்படி: பிளக்கைப் பிடுங்கி, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் மேசை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மூலைமட்டத்தின் கட்டையை, மேசையில் பிளேடுக்கு இணையாக ஓடும் மைட்டர் பள்ளத்தின் ஓரத்தில் சாய்த்து, ஸ்கேலின் நுனி பல்லை லேசாகத் தொடும்படி பூட்டுங்கள். இப்போது பிளேடைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், மூலைமட்டத்தையும் பின்னே நகர்த்தி வையுங்கள். முன்னே உரசிய அதே ‘கிர்’ சத்தம் பின்னேயும் கேட்டால் பிளேடு பள்ளத்துக்கு இணை. இடைவெளி விழுந்தால் ஒரு ஜெராக்ஸ் தாளைச் செருகிப் பாருங்கள். அதன் கனம் சுமார் 0.1 மி.மீ. தாள் தாராளமாக நுழைந்தால் மேசையின் அடியிலுள்ள போல்ட்டுகளைத் தளர்த்திச் சரி செய்ய வேண்டும். ஒரே பல்லை வைத்து அளப்பதால் பிளேடில் இருக்கும் சிறு கோணல் கணக்கில் வராது. பிளேடு சரியானபின் அதே பள்ளத்தை வைத்தே ஃபென்ஸையும் அளந்து நேராக்குங்கள். பின்முனை 0.1 மி.மீ. விலகியிருந்தால் குற்றமில்லை. நெருங்கியிருக்கத்தான் கூடாது.

அளவெல்லாம் சரி, ஆனாலும் சில பலகைகளில் மட்டும் வெட்டுவாய் மூடிக்கொள்கிறதா? அது மரத்துக்குள் இருக்கும் இழுவிசை. சரியாக உலராத மரத்திலும், சாய்ந்து வளர்ந்த மரத்திலும், கணு சுற்றிய இடத்திலும் வரும். மோட்டார் சத்தம் கனத்து இறங்கும்போதே அணைத்துவிடுங்கள். பிளேடு நின்றபின் வெட்டுவாயில் சின்ன ஆப்பு செருகிவிட்டுத் தொடருங்கள்.

குறுக்குவெட்டில், மைட்டர் பள்ளத்தில் நகரும் தள்ளுமட்டமான மைட்டர் கேஜால் தள்ளிக்கொண்டே மறுமுனையை ஃபென்ஸில் முட்ட வைப்பது நிறையப் பேரிடம் உள்ள பழக்கம். வெட்டி விழுந்த துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே மாட்டி, தோட்டாவாகப் பாயும். ஒரே அளவில் பல துண்டுகள் வேண்டுமென்றால், ஃபென்ஸில் பிளேடுக்கு வெகு முன்னால் ஒரு கட்டையை கிளாம்ப் செய்து அளவுக்கு மட்டும் அதைத் தொடவிடுங்கள். வெட்டு தொடங்கும் முன்பே பலகை அந்தக் கட்டையைத் தாண்டியிருக்கும்.

பிளேடிலிருந்து 150 மி.மீ.க்குள் கை போகும் வேலை எல்லாம் தள்ளுகட்டைக்கு உரியது. நீளக் குச்சியைவிட, பலகையின் மேல் படுத்து அதை அமுக்கியபடியே தள்ளும் செருப்பு வடிவக் கட்டை நல்லது. குச்சி தள்ளும், ஆனால் எழும்பும் பலகையை அமுக்காது. டேபிள் சாவில் கையுறை வேண்டாம். பல் ஒரு நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

கருகல் வாசனை, வெட்டிய ஓரத்தில் கறுப்புத் தழும்பு

புதிய பிளேடு மாட்டியவுடன் புகை மட்டும் வந்து வெட்டே விழவில்லையென்றால் பிளேடு தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. சிரிக்க வேண்டாம், அனுபவசாலிகளுக்கும் நடக்கும். பிளேடில் உள்ள அம்புக்குறியும் கார்டில் (பிளேடை மூடும் உறையில்) உள்ள அம்புக்குறியும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். கை வட்ட ரம்பத்தில் முன்பற்கள் கீழிருந்து மேலே ஏறும். அதனால் பலகையின் நல்ல முகத்தைக் கீழே வைத்து வெட்டுவார்கள். டேபிள் சாவில் நல்ல முகம் மேலே.

பழைய பிளேடு என்றால் மழுங்கிவிட்டதென்று முடிவுகட்டும் முன் கழுவிப் பாருங்கள். பல்லின் பக்கவாட்டில் ஒட்டிய பிசின், கூர்மையான பிளேடையும் மழுங்கியதுபோல நடக்கவைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி சோப்புத்தூள் கலந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, நைலான் அல்லது பித்தளை பிரஷால் தேய்த்து, உடனே துடைத்து உலர்த்துங்கள். அடுப்புக்கரி நீக்கும் காரக் கரைசல்களில் ஊறவைப்பது வேண்டாம். கார்பைடு நுனியையும் அதை ஒட்டிய பற்றவைப்பையும் அது அரிக்கும்.

கழுவியும் கருகினால் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். 185 மி.மீ. பிளேடில், நாரோட்டத்தோடு நீளவாக்கில் பிளக்க 24 பல் போதும். குறுக்கே அறுக்க 40. லேமினேட், மெல்லிய பிளைவுட்டுக்கு 60. அறுபது பல் பிளேடால் தடித்த சட்டத்தை நீளவாக்கில் பிளந்தால் தூள் வெளியேற இடமில்லாமல் பல்லிடுக்கில் அடைத்து, சூடேறி, கருகத்தான் செய்யும். தயங்கித் தயங்கித் தள்ளினாலும் கருகும். ஒரே இடத்தில் பல் உரசிக்கொண்டு நிற்பதே காரணம். நடுவில் பிடியை மாற்ற நின்ற இடத்தில் மட்டும் தழும்பு விழுந்திருந்தால் கோளாறு பிளேடில் இல்லை.

ஒரு பல் போனாலும், உடலில் கீறல் விழுந்தாலும் அந்த பிளேடைத் தூக்கிப் போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க இடமே இல்லை.

மோட்டார் திணறுகிறது, வேகம் ஏறவில்லை, சூடாகிறது

மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் எக்ஸ்டென்ஷன் வயரைச் சந்தேகியுங்கள். 230 வோல்ட்டில் 1,400 வாட் ரம்பம் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். 30 மீட்டர் நீளம், 0.75 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்றால் போகவர மொத்தம் ஒன்றரை ஓம் தடை. சாதாரண ஓட்டத்திலேயே 9 வோல்ட் வழியில் காணாமல் போகும். தொடங்கும்போதும், கனமான மரத்தில் திணறும்போதும் கரண்ட் பல மடங்கு ஏறும். இழப்பும் அதே கணக்கில் ஏறும். வோல்ட்டேஜ் குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் உள்ளே இருக்கும் விசிறியும் மெல்லச் சுற்றும். மோட்டார் வேகும். அதே 30 மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. கம்பி போட்டால் இழப்பு 3 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். 15 மீட்டருக்குள் 1.5 போதும்.

சுருட்டி வைத்த வயரிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். சுருளின் உள்சுற்றுகளுக்குச் சூட்டை வெளியேற்ற வழியில்லை, காப்புறை உருகி ஒன்றோடொன்று ஒட்டும். முழுவதும் பிரித்துவிட்டே ஓட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பாருங்கள். வயர் வெதுவெதுப்பாக இருந்தாலே அது இந்த வேலைக்குப் பத்தாது. பிளக்கின் ஊசிகள் மட்டும் சுட்டால் பாக்ஸின் உள்ளே தொடர்பு தளர்ந்திருக்கிறது. பாக்ஸை மாற்றுங்கள்.

வயர் சரியென்றால் காற்றுத்துளைகள். மென்பலகைத் தூள் பஞ்சுபோல அடைத்திருக்கும். உலர்ந்த காற்றை ஊதி எடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. சூடான ரம்பத்தை உடனே அணைத்து மூலையில் வைப்பதைவிட, மரத்தில் படாமல் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டால் அதன் விசிறியே அதை ஆற்றிவிடும்.

டேபிள் சாவில் சில வகைகளுக்கு இன்டக்‌ஷன் மோட்டார். சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டு சுற்றவில்லையென்றால் உடனே அணையுங்கள். பத்து வினாடி முனகவிட்டாலே சுருள் கருகத் தொடங்கும். ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்னேற்றத்தை வைத்திருக்கும். பழக்கமில்லாதவர் மூடியைத் திறக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

மோட்டாருக்குள் தீப்பொறி, விட்டுவிட்டு ஓடுகிறது

காற்றுத்துளை வழியே சின்ன நீலப் பொறிகள் தெரிவது, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரின் இயல்பு. மஞ்சளாக, பிரஷ் உரசும் செம்பு உருளையான காமுடேட்டரைச் சுற்றி வளையம்போல நெருப்பு ஓடினால் இயல்பல்ல.

உடலின் இருபுறமும் பெரிய பிளவு வைத்த பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். அதற்குள் ஸ்பிரிங் வைத்த கார்பன் பிரஷ். அகலமான ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திறங்கள், ஸ்பிரிங் எகிறும். பிரஷ் 5, 6 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தால், அல்லது அதில் உள்ள எல்லைக்கோடு வந்துவிட்டால், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதானால் அழுத்தம் சமமாக இருக்காது. மாட்டியபின் தன் கூட்டில் தாராளமாக முன்பின் நகர்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். கூட்டில் கரித்தூள் அடைத்தால் புதிய பிரஷும் தொங்கிக்கொண்டு பொறி விடும். சுமையில்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு முகம் படிந்தபின் வேலைக்கு எடுங்கள்.

காமுடேட்டர் சாக்லேட் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் நலம். ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் எரிந்து கறுத்திருந்தால் மோட்டாரின் சுழலும் சுருளான ஆர்மேச்சரில் பழுது. பிரஷ் மாற்றிப் பயனில்லை.

கையில் ஷாக் அல்லது கூச்சம்

‘லேசாகத்தான் அடிக்கிறது’ என்று ஓட்டும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அந்த லேசான கூச்சம் உலர்ந்த கையும் ரப்பர் செருப்பும் கொடுத்த சலுகை. ஈரத் தரையில் கதை வேறு.

பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்புள்ள ரம்பம். எர்த் வயர் இருக்காது, தேவையும் இல்லை. அதில் ஷாக் அடித்தால் உள்ளே கரித்தூளும் ஈரமும் சேர்ந்து வழி போட்டிருக்கலாம், அல்லது வயரின் தோல் உரிந்திருக்கலாம். அந்தச் சின்னம் இல்லாத உலோக உடல் ரம்பத்துக்கு மூன்றாவது ஊசி கட்டாயம். எர்த் ஊசியை ஒடித்த பிளக்கோ, எர்த் இணைக்காத எக்ஸ்டென்ஷனோ நடுவில் இருந்தால் காரணம் அங்கேதான்.

வயர் பெரும்பாலும் ஒடிவது கைப்பிடிக்குள் நுழையும் ரப்பர் கழுத்தின் அருகே. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். நல்ல பகுதி வரை வெட்டிவிட்டு மறுபடி உள்ளே இணைக்க வேண்டும், அல்லது வயரையே மாற்ற வேண்டும். பட்டறை லைனில், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்கட்டும். அது விழுந்தால் மறுபடி தூக்கிவிட்டு ஓட்டுவது தீர்வாகாது. விழுந்ததே தகவல்தான்.

கீழ்க் கார்டு தானாக மூடவில்லை

வேலையைத் தொடங்கும் முன், பிளக் மாட்டாமல், நெம்பை இழுத்துக் கார்டை முழுவதும் திறந்து விடுங்கள். ‘டப்’ என்று ஒரே அடியில் மூட வேண்டும். நடுவில் தயங்கினாலோ, ரம்பத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் மூடினாலோ அதை ஓட்டக் கூடாது. கார்டின் உட்சுவரில் பிசினும் தூளும் அப்பியிருக்கும், பழைய பல் பிரஷால் சுரண்டுங்கள். எண்ணெய் விடாதீர்கள். அடுத்த வெட்டின் தூள் அதில் ஒட்டிப் பசையாகிவிடும். ஸ்பிரிங் கழன்றோ நீண்டோ இருந்தால் மாற்றுங்கள். கீழே விழுந்த ரம்பமென்றால் கார்டு வளைந்து பிளேடில் உரசுகிறதா என்று கையால் சுழற்றிப் பாருங்கள்.

மெல்லிய கீற்றுகள் வெட்டும்போது கார்டு மரத்தில் தட்டி நிற்பது உண்மைதான். அதற்காகக் கம்பியால் கட்டி வைக்கிறார்கள். வெட்டி முடித்து ரம்பத்தைத் தரையில் வைக்கும்போது, இன்னும் சுற்றும் பிளேடு தரையைப் பிடித்து ரம்பம் காலை நோக்கி ஓடும். தொடங்கும்போது மட்டும் நெம்பால் திறந்து, பிளேடு மரத்துக்குள் போனதும் நெம்பை விடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. டைல்ஸ் வெட்டும் 110 மி.மீ. கட்டரில் மர பிளேடு மாட்டி ஓட்டுவதை எந்த வகையிலும் பரிந்துரைக்க முடியாது. நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும், கீழ்க் கார்டே கிடையாது, அடித்தட்டு உள்ளங்கை அகலம். ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடு மாட்டுவது அதைவிட மோசம். பல பிளேடுகள் அந்த வேகத்துக்கு ஏற்றவையும் அல்ல. பிளேடில் அச்சிட்ட உச்ச வேகம் கருவியின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

அதிர்வு, ஊளை

பிளேடைக் கழற்றி ஓடவிட்டுப் பாருங்கள். அதிர்வு போய்விட்டால் குற்றம் பிளேடிலோ அது உட்காரும் இடத்திலோ. வாஷர் முகத்தில் ஒட்டிய ஒரு துகள் போதும், விளிம்பில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். துளை அளவும் முக்கியம். 20 மி.மீ. தண்டில் 25.4 மி.மீ. துளை பிளேடை அதற்குரிய வளையம் இல்லாமல் மாட்டினால் மையம் விலகும். பிளேடு இல்லாமலும் அதிர்ந்தால், அல்லது கரகரவென்றால் பேரிங். தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

போல்ட் கழலவில்லையா? பெரும்பாலான ரம்பங்களில் பிளேடு சுற்றும் திசையில் திருப்பினால் கழலும். ஸ்பேனரைச் சுத்தியலால் அடிக்கும் முன் திசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மைட்டர் சா துண்டைப் பிடுங்கி எறிகிறது

தலையை மேலிருந்து இறக்கி வெட்டும் இந்த ரம்பத்தில் மரம் பின்சுவரில் ஒட்டி உட்காரவில்லை. வளைந்த சட்டமென்றால் வளைவின் புடைத்த பக்கம் சுவரைத் தொட வேண்டும். திருப்பி வைத்தால் நடுவில் இடைவெளி விழுந்து, வெட்டி முடியும் தருணத்தில் இரு பாதியும் பிளேடை நெருக்கும். கை பிளேடிலிருந்து 150 மி.மீ. தள்ளியிருக்க முடியாத அளவு சிறிய துண்டை இதில் வெட்டவே கூடாது. நீளமாக வைத்து வெட்டுங்கள், அல்லது கிளாம்ப் போடுங்கள். வெட்டியதும் பிளேடு நின்ற பிறகே தலையைத் தூக்குங்கள். சுற்றிக்கொண்டே மேலே வரும் பிளேடுதான் கழிவுத் துண்டைக் கொக்கிபோட்டு எறிகிறது. நகரும் தலை உள்ள வகையில் முதலில் உங்கள் பக்கம் இழுத்து, இறக்கி, பின்னே தள்ளி வெட்டுங்கள்.

ஜிக்சா வெட்டு அடியில் சாய்கிறது

மேலே கோடு கச்சிதம், கீழே பார்த்தால் 3 மி.மீ. விலகல். இது அழுத்தத்தின் வேலை. மேலும் கீழும் ஓடும் மெல்லிய பிளேடு பக்கவாட்டில் வளைந்துபோகிறது. தடித்த மரத்துக்குக் கரடான பல்லுள்ள, அகலமான பிளேடு போட்டு, பின்னால் தாங்கும் உருளை பிளேடின் முதுகைத் தொடுகிறதா என்று பாருங்கள். வளைவான வெட்டுக்கு, பிளேடை முன்பின்னும் ஆட்டவைக்கும் ஆர்பிட்டல் நெம்பை 0 அல்லது 1இல் வையுங்கள். ரம்பம் துள்ளினால் அடித்தட்டை மரத்தோடு அமுக்கவில்லை, அல்லது பிளேடு நுனி அடியில் ஸ்டூலைக் குத்துகிறது.

சுவிட்சை விட்டும் பிளேடு நெடுநேரம் சுற்றுகிறது

பிரேக் இல்லாத ரம்பம் பத்து வினாடிகூடச் சுற்றும், அது பழுதல்ல. முன்பு சட்டென்று நின்றது இப்போது நிற்கவில்லையென்றால் கார்பன் பிரஷைப் பாருங்கள். மின்பிரேக்கும் அதே பிரஷ் வழியாகத்தான் வேலை செய்கிறது. வெட்டுவதில் குறை தெரியும் முன்பே பிரேக்கில் தெரிந்துவிடும். பிளேடின் பக்கவாட்டில் மரக்கட்டையை அழுத்தி நிறுத்தாதீர்கள்.

கரண்ட் போய் வந்ததும் தானாக ஓடுகிறது

டேபிள் சாவில் சாதாரண சுவிட்ச் இருக்கிறது. மின்சாரம் போனதும் தானே விழுந்து, மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓடவிடும் காந்த சுவிட்சாக மாற்றுங்கள். கை ரம்பத்தில் டிரிக்கரைப் பூட்டி வைக்கும் பொத்தான் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். கரண்ட் போன நொடியில் பிளக்கைப் பிடுங்குங்கள். இருட்டில் ரம்பம் எங்கே கிடக்கிறதென்று தடவித் தேடும் நேரத்தில் மின்சாரம் திரும்ப வரக்கூடும்.

காது ரீங்காரம், மூக்கில் தூள்

100 டெசிபல் சத்தத்தில் காப்பில்லாமல் ஒரு நாளைக்கு 15 நிமிடமே இருக்கலாம் என்பது தொழில்நலக் கணக்கு. வட்ட ரம்பம் அந்த அளவை எளிதாகத் தொடும். மாலையில் காதில் ரீங்காரம் இருந்தால் காதுக்கவசம் போடாமல் ஓட்டியிருக்கிறீர்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பட்டியலில் உள்ளது. துணி கட்டிக்கொள்வது நுண்தூளைத் தடுக்காது. என்95 அல்லது அதற்கு இணையான முகமூடி வேண்டும். கண்ணாடி பக்கவாட்டிலும் மூடியிருக்கட்டும்.

ரம்பம் தன் வயரையே வெட்டிவிட்டது

வயரைத் தொடாதீர்கள். கையில் இருக்கும் ரம்பத்தை மட்டும் மெல்லக் கீழே வைத்துவிட்டு, அதையும் மறுபடி தொடாமல், சுவர் சுவிட்சை அணைத்து, பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். ஃபியூஸ் போயிருக்கும் என்று நம்பி வெட்டுப்பட்ட முனையை எடுக்க வேண்டாம். வயரை நடுவில் முறுக்கி இணைத்தால் அடுத்த இழுவையில் அந்த முடிச்சே பலகை ஓரத்தில் மாட்டி ரம்பத்தைக் கோணலாக்கும். வெட்டு ரம்பத்துக்கு அருகில் என்றால் குட்டையாக்கி உள்ளே இணைக்கலாம், நடுவில் என்றால் புதிய வயர்தான். அடுத்த முறை வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, பலகையின் மறுமுனை வரை அது தடையில்லாமல் வருகிறதா என்று ஓடாத ரம்பத்தை ஒருமுறை கோட்டின்மேல் நடத்திப் பார்த்துவிட்டு டிரிக்கரை அழுத்துங்கள்.